புல் ஓடுபாதையில் 20 விமானங்கள்: முதல் முறையாக ஃப்ளை-இன் நடத்துகிறோம், யோசனை சொல்லுங்கள்

புல்வெளி எழுதியது:

வணக்கம். எங்கள் கிளப்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஃப்ளை-இன் நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஏர்ஷோ கிடையாது, டிக்கெட் கிடையாது, பொதுமக்களை அழைக்கப் போவதும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் பொழுதுபோக்காகப் பறக்கிறவர்கள் அவரவர் விமானத்தில் வந்து இறங்கி, சேர்ந்து சாப்பிட்டு, ஒருவர் விமானத்தை இன்னொருவர் சுற்றிப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு மாலையில் கிளம்பிப் போகிற மாதிரி ஒரு நாள், அவ்வளவுதான்.

இடம் ஒரு நண்பரின் சொந்தப் புல் ஓடுபாதை. 650 மீட்டர் நீளம், ஒரு முனையில் உயரமான மரங்கள், கட்டுப்பாட்டு டவர் இல்லை, எரிபொருளும் இல்லை. 20 விமானங்கள் வரை வரும் என்று நினைக்கிறோம். செஸ்னா 172, பைப்பர் கப், மிக இலகுவான மைக்ரோலைட்கள், சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் வகையான ஆர்வி இரண்டு மூன்று என்று எல்லா வகையும் கலந்து வரும்.

இப்போதைக்குத் திட்டம் இது: 11 மணியிலிருந்து 12 மணிக்குள் எல்லோரும் வந்து சேர வேண்டும், 12.30-க்குச் சாப்பாடு, அப்புறம் குறித்த இடத்தில் சக்கரம் பதிக்கும் ஒரு சின்னப் போட்டி, 4 மணிக்குக் கிளம்புவது. எங்களில் ஒருவர் கையடக்க ரேடியோ வைத்துக்கொண்டு யார் முதலில் இறங்குவது, யார் அடுத்து என்று சொல்லலாம் என்று யோசனை. இதில் எது சரி, எதை மாற்ற வேண்டும்? வருகிறவர்கள் மறுபடியும் வர ஆசைப்படும் ஒரு நாளாக இது அமைய வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

சர்க்யூட்_சாமி எழுதியது:

நல்ல முயற்சி, கட்டாயம் நடத்துங்கள். ஆனால் முதல் வேலையாக அந்த 12.30 சாப்பாட்டை மாற்றுங்கள். சாப்பாடு எப்போது என்று அறிவிக்கிறீர்களோ அதுதான் எல்லோரும் வந்து இறங்கும் நேரம். நீங்கள் 11 முதல் 12 வரை என்று எழுதினாலும் பாதிப் பேர் 11.45-க்குத்தான் வந்து நிற்பார்கள், பத்து விமானங்கள் ஒரே சர்க்யூட்டில் (இறங்குவதற்கு முன் ஓடுபாதையைச் சுற்றி வரும் பாதையில்) சுற்றும், அதுவும் உங்கள் பட்டியலில் உள்ள மாதிரி வேகம் கலந்து.

வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மெதுவான மைக்ரோலைட் ஒன்று ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசிக் கட்டத்தில், 45 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வருகிறது, 172 ஒன்று 65 நாட்டில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத நாளில் கடைசி ஒரு கடல் மைலைக் கடக்க முதலாவதுக்கு 80 விநாடி ஆகும், இரண்டாவதுக்கு 55 விநாடி போதும். மைக்ரோலைட் அந்த ஒரு மைல் புள்ளியில் இருக்கும்போது 172 அதற்கு அரை மைல் பின்னால் இருந்தால், முன்னது தரை தொடும் நேரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கும். பின்னால் வருகிறவர் இதை உணர்ந்து வேகத்தைக் குறைக்கப் பார்ப்பார், பேஸிலிருந்து (ஃபைனலுக்கு முந்தைய குறுக்குக் கட்டத்திலிருந்து) ஃபைனலுக்குத் திரும்பும்போது ரடரை, அதாவது வால் சுக்கானை, கூடுதலாக மிதித்து வளைப்பார். தாழ்வான உயரத்தில் ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குவிசையை இழந்து) சுழலில் விழுகிற விபத்துகள் அந்தத் திருப்பத்தில் தொடங்குவது உண்டு.

அதனால் வருகையை நீட்டிவிடுங்கள். காலை 9 மணிக்கே காபியும் பலகாரமும் தயாராக இருக்கட்டும், மதியச் சாப்பாடு 11.30 முதல் 2 மணி வரை எப்போது வந்தாலும் கிடைக்கும் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். மெதுவான வகைகள் 10 மணிக்கு முன், மற்றவை அதற்குப் பிறகு என்று இரண்டு பங்காகப் பிரித்தால் இன்னும் நல்லது. நிமிடக் கணக்கில் நேரம் ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால், எதிர்க்காற்றால் ஐந்து நிமிடம் பிந்தியவர் அதைப் பிடிக்க அவசரப்படுவார்.

இன்னொன்று, தேதி குறிக்கும்போதே மாற்றுத் தேதியையும் குறித்துவிடுங்கள். வராமல் போனால் எதையும் இழக்கவில்லை என்று வருகிறவருக்குத் தோன்ற வேண்டும். முன்பணம் வாங்காதீர்கள், "நீங்கள் இல்லாமல் நன்றாக இருக்காது, கட்டாயம் வர வேண்டும்" என்று காலையில் போன் போட்டு அன்புத்தொல்லை செய்யாதீர்கள். மேகம் தாழ்ந்திருக்கும் காலையில் வீட்டிலேயே இருக்கத் தயங்கும் விமானியை அந்த ஒரு போன் கிளப்பி அனுப்பிவிடும்.

காற்றுப்பை எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் ரேடியோ பற்றி மட்டும் சொல்கிறேன்.

கையடக்க ரேடியோவில் இறங்கும் வரிசை சொல்லும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இறங்க அனுமதி கொடுப்பது உரிமம் பெற்ற கட்டுப்பாட்டாளரின் வேலை, பெரும்பாலான நாடுகளில் வேறு யாரும் அதைச் செய்யச் சட்டமே இடம் தராது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு நம்பிக்கையான குரல் "நீங்கள் இரண்டாவது" என்று சொன்னதும் மேலே இருப்பவர் வெளியே பார்ப்பதைக் குறைத்துக்கொள்வார். உங்கள் ஆள் மரத்துக்குப் பின்னால் இருக்கும் விமானத்தைப் பார்க்கவே முடியாது. காற்று எந்தப் பக்கம், ஓடுபாதையில் ஆடுமாடு ஏதாவது நிற்கிறதா என்று கேட்டால் சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும்கூட உங்கள் நாட்டில் ரேடியோ உரிமம் தேவையா என்று முன்பே விசாரியுங்கள்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். ஓடுபாதையின் திசை, நீளம், கடல் மட்டத்திலிருந்து உயரம், எந்தப் பக்கம் சர்க்யூட், எந்த உயரத்தில், எந்த அலைவரிசை, மரங்கள் எங்கே, இறங்கிய பின் எந்தப் பக்கம் திரும்பி எங்கே நிறுத்துவது, எந்த வீட்டுக்கு மேலே பறக்கக் கூடாது. ஒரு வான்படமும் சேர்த்தால் போதும். அமெரிக்காவின் ஆஷ்காஷில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய ஃப்ளை-இன் கூட்டத்தைப் பாருங்கள், அங்கே கண்ணால் பார்த்துப் பறந்து வருகிற விமானங்கள் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு அரை மைல் இடைவெளியில், 1,800 அடியில், 90 நாட் வேகத்தில் வரிசையாக வரும், வேகமானவற்றுக்கு 2,300 அடியில் தனிப் பாதை. ஃபிஸ்க் என்ற ஊரில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர் விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லி இறக்கையை ஆட்டச் சொல்வார், விமானி வாய் திறக்காமல் ஆட்டிக் காட்டுவார். அவ்வளவு நெரிசலிலும் அலைவரிசை அடைபடாமல் இருப்பதற்குக் காரணம் எல்லோரும் அறிவிப்பை வீட்டிலேயே படித்துவிட்டு வருவதுதான். 20 விமானத்துக்கு அத்தனை ஏற்பாடு வேண்டாம், ஆனால் படித்துவிட்டு வரும் பழக்கம் வேண்டும்.

ரேடியோ இல்லாத பழைய கப் ஒன்று வரலாம் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். திரையில் தெரியும் போக்குவரத்தை மட்டும் நம்பி வருகிறவர்களுக்கு அது தேவை. களத்துக்கு நோட்டாம் (விமானிகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்பு) போட வழி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள், அழைப்பு கிடைக்காமல் அந்தப் பக்கம் கடந்து போகிறவருக்கும் தெரிய வேண்டும்.

650போதுமா எழுதியது:

ஓடுபாதை நீளத்தை யாரும் தொடவில்லையே. வருகிற ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தானே போட வேண்டும், உண்மைதான். ஆனால் கணக்குப் போடும்படி தூண்டுவது உங்கள் வேலை.

பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பாதுகாப்புக் கையேட்டில் இருக்கும் எண்களையே எடுத்துக்கொள்வோம். மேலெழும்பும் தூரத்துக்குக் காய்ந்த புல்லென்றால் 20 சதவீதம், ஈரப் புல்லென்றால் 30 சதவீதம் கூட்டச் சொல்கிறது, அதற்கு மேல் பொதுவான பாதுகாப்புக்கு 1.33-ஆல் பெருக்கச் சொல்கிறது. 50 அடி தடையைத் தாண்ட 440 மீட்டர் என்று விமானக் கையேட்டில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லில் அது 528, பாதுகாப்பும் சேர்த்தால் 702. ஈரமாக இருந்தால் 761. உங்கள் ஓடுபாதை 650, முனையில் மரம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்னும் 10 சதவீதம் கூட்ட வேண்டும், நீங்களோ நல்ல வெயிலில் மாலை 4 மணிக்குக் கிளம்பச் சொல்கிறீர்கள்.

இதோடு எரிபொருள் விஷயமும் பிணைந்திருக்கிறது. அங்கே எரிபொருள் இல்லை என்பதால் எல்லோரும் போகவர இரண்டுக்கும் நிரப்பிக்கொண்டு வருவார்கள், அதுவே எடையைக் கூட்டும். எடை 10 சதவீதம் கூடினால் மேலெழும்பும் தூரம் 20 சதவீதம் கூடும் என்கிறது அதே கையேடு. அதனால் நாலு பேரோடு 172-இல் வர நினைப்பவரிடம் இரண்டு பேராக வரச் சொல்லுங்கள், அருகில் எரிபொருள் கிடைக்கும் களம் எது என்பதையும் முன்பே அனுப்பும் அந்தப் பக்கத்தில் போடுங்கள். ஓடுபாதையின் பாதி இடத்தில் இரண்டு பக்கமும் பளிச்சென்ற நிறத்தில் அடையாளம் வையுங்கள். பாதியைத் தாண்டும்போது மேலெழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் பவரைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும் என்ற பழைய விதி, அடையாளம் இருந்தால்தான் பயன்படும்.

டெயில்வீல்_பிரியை எழுதியது:

எனக்கு அதிகக் கவலை தரையில்தான். வானத்தில் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள், இறங்கி எஞ்சின் நிற்பதற்குள் கையசைத்துக்கொண்டு ஓடிவரும் நண்பர்கள்தான் ஆபத்து. சுற்றும் புரொப்பல்லர் கண்ணுக்கே தெரியாது. நிறுத்துமிடத்துக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே கயிறு கட்டுங்கள், எஞ்சின் ஓடும்போது கயிற்றைத் தாண்டி யாரும் வரக்கூடாது, குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

கப் மாதிரி டெயில்வீல் (வாலடியில் சின்னச் சக்கரம் உள்ள) விமானத்தில் டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் ஓட்டிப் போகும்போது, மூக்கு மேலே நிற்பதால் நேர் எதிரே தெரியாது, வளைந்து வளைந்துதான் வருவோம். அதற்கு அகலமான பாதை விடுங்கள், நிறுத்துமிடத்தில் இறக்கை முனைகளுக்கு நடுவே ஓர் ஆள் தாராளமாக நடக்கும் அளவு இடம் விடுங்கள். வழிகாட்டுகிறவர்கள் எல்லோரும் மஞ்சள் மேலங்கி போட்டு, ஒரே மாதிரிக் கைச்சைகை காட்ட வேண்டும். இருவர் இரண்டு விதமாகக் காட்டினால் இடையில் மாட்டிக்கொள்வது விமானிதான். சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகள், கட்டும் கயிறுகள் கொஞ்சம் கூடுதலாக வைத்திருங்கள், மதியம் காற்று கிளம்பினால் மைக்ரோலைட்கள் தாங்காது.

தீயணைப்பான்கள் நிறுத்துமிடத்தில் ஒன்று, ஓடுபாதை ஓரம் ஒன்று. ஆம்புலன்ஸ் வர வேண்டிய வாசல் எது, அதன் பூட்டுச் சாவி யாரிடம், போன் செய்கிறவர் இடத்தை எப்படிச் சொல்வார் என்பதை எழுதிச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அங்கே போனில் சிக்னல் கிடைக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். இன்ஷூரன்ஸும் உரிமையாளர் பெயரில் இருப்பது இப்படி ஒரு கூட்டத்துக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புல்வெளி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சாப்பாட்டு நேரத்தை நீட்டிவிட்டோம், மாற்றுத் தேதி குறித்தாயிற்று, ரேடியோவில் வரிசை சொல்லும் யோசனையைக் கைவிட்டோம். அந்த 702, 761 கணக்கை அப்படியே அழைப்பில் போடப்போகிறோம். போட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே, அது வைக்கலாமா?

காற்றுப்பை எழுதியது:

வைக்கலாம், ஆனால் விதியைக் கவனமாக எழுதுங்கள். கோட்டுக்கு முன்னால் சக்கரம் பட்டால் பூஜ்யம், கோ-அரவுண்ட் செய்தால் (இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வந்தால்) மதிப்பெண் குறையாது, மறுவாய்ப்பு உண்டு. கோட்டை ஓடுபாதை தொடக்கத்திலிருந்து நன்றாக உள்ளே போடுங்கள்.

சர்க்யூட்_சாமி எழுதியது:

இதில் மட்டும் நான் உடன்படவில்லை. 650 மீட்டரில் கோட்டை உள்ளே தள்ளினால் நிற்பதற்கு இருக்கும் தூரம் குறைகிறது, முன்னால் கொண்டுவந்தால் எல்லோரும் மரத்தை உரசிக்கொண்டு மெதுவாக வருவார்கள். பார்க்க ஆள் நிற்கும்போது கோ-அரவுண்ட் செய்ய மனம் வராது, விதியில் என்ன எழுதினாலும் சரி. நீளமான களத்தில் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் ஒவ்வொருவரும் தன் விமானம் பற்றிப் பத்து நிமிடம் பேசட்டும், சொந்தமாகக் கட்டியவர்கள் இருந்தால் அதைவிடச் சுவையான நிகழ்ச்சி வேறு இல்லை. தாழப் பறந்து காட்டுவதும் வேண்டாம், அது பல இடங்களில் சட்டப்படி வான்காட்சிக் கணக்கில் வந்துவிடும், தனி அனுமதி கேட்பார்கள்.

கிளம்பும் நேரத்தையும் 4 மணி என்று பூட்டாதீர்கள். 2 மணியிலிருந்தே தோன்றும்போது கிளம்பலாம் என்று சொல்லுங்கள். வானிலை கெட்டால் விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டுக் காரில் போக வசதியாக உங்களில் இரண்டு பேர் காரோடு இருங்கள், அந்த வசதி இருப்பதைக் காலையிலேயே எல்லோர் காதிலும் போடுங்கள். வந்ததும் பெயர், பதிவு எண், போன் எண் எழுத ஒரு நோட்டு, வீடு சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி. ஃப்ளைட் பிளான் (முன்கூட்டியே பதிவு செய்யும் பயணத் திட்டம்) போட்டு வந்தவர்களுக்கு, வந்து சேர்ந்துவிட்டதைத் தெரிவித்து அதை முடித்துவைக்க நினைவூட்டுங்கள், டவர் இல்லாத இடத்தில் அதை அவருக்காக யாரும் செய்ய மாட்டார்கள். வழக்கமாக 30 நிமிடம் தாண்டினாலே ஆள் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

650போதுமா எழுதியது:

ஒரே ஒரு சேர்க்கை. காற்றின் திசையைக் காட்டும் துணிப்பை மரங்கள் இருக்கும் முனையில் இருந்தால் அது மரத்தைச் சுற்றி வரும் காற்றைத்தான் காட்டும். நடுவில் இன்னொன்று நட்டுவிடுங்கள், முந்தின நாளே.