குடித்துப் போட்ட டீ பேக்கில் படம்: நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வர்த் டீச்சர்

கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள். நவம்பர் 16 வரப்போகிறது, 1860-ல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களோடு, மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற முதல் கப்பல் இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து சேர்ந்த நாள். வருஷா வருஷம் அட்டையில் கப்பல் வரைந்து, ஓரத்தில் கரும்புத் தோகை ஒட்டி, எனக்கே அலுத்துவிட்டது. இந்தத் தடவை பழைய டீ பேக்கைப் பிரித்து அந்தத் தாளில் பிள்ளைகளை வரைய வைக்கலாம் என்று ஆசை.

ஆசை வந்தது கேப் டவுனில். அங்கே ஹவுட் பே என்ற பகுதியில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். ஜில் ஹேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, பக்கத்தில் இருக்கும் இமிசாமோ யேத்து குடியிருப்புப் பெண்களுக்கு வருமானம் வேண்டும் என்று 2000-ல் ஆரம்பித்தது. காய்ந்த பையைப் பிரித்து, சக்கையைக் கொட்டி, இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றிலும் கையாலேயே வண்ணம் தீட்டுகிறார்கள். அதைத் தட்டிலும் வாழ்த்து அட்டையிலும் ஒட்டிவிட்டால் டீ பேக் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் வாரம், பால் ஊற்றிய கப்பிலேயே கிடந்த பைகளை எடுத்துக் காயவைத்தேன். மூன்றாம் நாள் சமையலறைக்குள் நுழைய முடியவில்லை. இரண்டாம் வாரம் பால்கனியில் வரிசையாகப் பரப்பினேன். டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, குரங்கு வந்தது. ஒவ்வொரு பையாகக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனது. மூன்றாம் வாரம் எப்படியோ இருபது பை தேறி இஸ்திரி வரைக்கும் வந்தேன். தாள் சுருண்டு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. தெரியாமல் அடுத்துத் தேய்த்த வீட்டுக்காரர் சட்டையில் இப்போது பழுப்பாக ஒரு தென்னாப்பிரிக்கா வரைபடம் இருக்கிறது.

யாராவது ஒழுங்காகச் செய்திருக்கிறீர்களா?

பீனிக்ஸ் மாமி

எங்கள் வீட்டில் ஒரு பையில் மூன்று பேருக்கு டீ போடுவோம். அதில் மிஞ்சும் தாள் கோயில் வேட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும். கறை வேண்டுமென்றால் பணக்காரர் வீட்டில் போய்க் கேள்.

லெனேசியா தாத்தா

டீச்சரம்மா, நான் காகித மில்லில் முப்பது வருஷம் இருந்தவன், எனக்கு இதில் கொஞ்சம் தெரியும். டீ பேக் தாள் சாதாரணத் தாள் இல்லை. அபாகா என்று வாழை இனத்துச் செடி ஒன்று, பிலிப்பைன்ஸ் நாட்டுச் சரக்கு, அதன் நாரை மரக்கூழோடு கலந்து செய்வது. கொதிக்கும் தண்ணீரிலும் கிழியாமல் இருக்கிறதே, அந்த நாரின் வேலைதான். ஆனால் ஓரத்தைச் சூட்டால் ஒட்டுகிற பைகளில் பாலிபுரொப்பிலீன் இழையும் கலந்திருக்கும். அது கிட்டத்தட்ட 160 டிகிரியில் உருகும். நீங்கள் பெட்டியைப் பருத்திச் சூட்டில் வைத்திருப்பீர்கள், அது 200-ஐத் தொடும். பாலியஸ்டர் சூட்டுக்குக் குறைத்து, மேலும் கீழும் பேக்கிங் பேப்பர் வைத்துத் தேயுங்கள். முக்கோணமாகச் சல்லடைபோல் வருகிற பைகளைத் தொடவே வேண்டாம், அவை முழுக்கப் பிளாஸ்டிக் வலை. வண்ணம் நிற்காது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஈரப் பையின் மேல் துருப்பிடித்த ஆணி ஒன்றை வைத்து இரண்டு ராத்திரி விடுங்கள். ஆணியைச் சுற்றி நீலக் கறுப்பாகக் கோலம் விழும். டீயில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை. அந்தக் காலத்தில் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. என் பேரன் இப்படி விழுந்த கறையைப் பார்த்து "தாத்தா, இது புயல் மழை" என்றான். அப்புறம் அதில் ஒரு கப்பல் மட்டும் வரைந்தான். கடலை வரைய வேண்டிய வேலை மிச்சம்.

ரைலண்ட்ஸ் மருமகள்

நான் கேப் டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்கே மாமியார் வீட்டில் ராத்திரி எல்லாம் ரூய்போஸ்தான். அது தேயிலைச் செடியே இல்லை. சீடர்பெர்க் மலைப் பக்கம் கிளான்வில்லியம் சுற்று வட்டாரத்தில் விளைகிற புதர், இலை ஊசி மாதிரி. பச்சையை நறுக்கி நசுக்கி நனைத்து வைத்தால் சிவந்துவிடும். தாளில் விழுகிற கறையும் நல்ல செம்மண் நிறம். சாதா டீயில் பழுப்பு, ரூய்போஸில் சிவப்பு, இரண்டையும் மாற்றி மாற்றி ஒட்டி ஒரு தட்டுக்குக் கட்டம் போட்டேன். பெயிண்டே தொடவில்லை.

தாத்தா சொன்ன ஆணி வித்தையை ரூய்போஸில் இப்போதுதான் செய்து பார்த்தேன். கறுப்பு சரியாக ஏறவில்லை, சாம்பல் பூத்தது போல நின்றுவிட்டது. துவர்ப்பு குறைவு என்பதாலா தாத்தா? இதில் ஒரு தொல்லையும் உண்டு, ஊசி இலைத் துணுக்குகள் தாளில் குத்திக்கொண்டு வராது. பழைய பல் பிரஷ் வைத்து மெதுவாகத் தட்டினால் வரும். அவசரப்பட்டால் ஓட்டைதான்.

ஸ்டேங்கர் தம்பி

டீச்சர், கரும்போடு நிறுத்தாதீர்கள். எங்கள் பக்கம் தேயிலை விளைந்தது என்றால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். இங்கே கியர்ஸ்னி என்ற இடத்தில் ஹியூலட் என்ற முதலாளியின் தோட்டம் இருந்தது. காப்பிச் செடி நோயில் போன பிறகு தேயிலை வைத்தார்கள். கிள்ளியது எல்லாம் நம் ஆட்கள், அதிலும் பெண்களும் பிள்ளைகளும் நிறைய. 1911-ல் ஒப்பந்தக் கூலியாட்கள் வருவது நின்றதும் கிள்ள ஆளில்லாமல் தேயிலை சரிந்து, கரும்பே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. எங்கள் கொள்ளுப்பாட்டி அங்கே கூடை சுமந்தவர். டீ பேக்கில் கரும்பை வரைவது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. கூடையை வரையச் சொல்லுங்கள்.

டொங்காட் பேத்தி

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

போன வருஷம் ஜூலையில் ஆயா தவறிவிட்டார். பதினாறு நாளும் சாயங்காலம் தேவாரம் பாட ஆட்கள் வந்தார்கள். கராஜில் நாற்காலி, மூலையில் டீ அர்ன், அதாவது மொத்தமாக டீ போட்டு வைக்கும் பெரிய பாத்திரம். கப் கழுவுவதும் அர்னுக்குள் கிடக்கும் பைகளை அள்ளுவதும் என் வேலை. முதல் ராத்திரி தம்பி வாளியைக் கொட்டப் போனபோது "இரு" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. அர்னில் பால் சேராது, அதனால் நாற்றம் இல்லை. கோழிக்கூட்டு வலையை இரண்டு செங்கல் மேல் வைத்து, மேலே இன்னொரு வலை போட்டுக் காயவைத்தேன், குரங்கு அண்டவில்லை. ஜூலை குளிரில் காற்று காய்ந்திருக்கும், பூசணம் பிடிக்கவில்லை. டீச்சர், நவம்பர் மழையில் இது நடக்காது. இப்போதே காயவைத்து டின்னில் போடுங்கள்.

கருமாதி முடிந்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறையத் தாள். முதலில் ஆயா முகத்தை வரைந்தேன். யாரோ பக்கத்து வீட்டு அம்மா மாதிரி வந்தது. நாலைந்து தாளைப் பாழாக்கிய பிறகு முகத்தை விட்டுவிட்டு அவர் கையில் இருந்ததையெல்லாம் வரைய ஆரம்பித்தேன், தாளுக்கு ஒன்று. வெற்றிலை உரல், மூக்குக் கண்ணாடி, திருநீற்றுச் சம்புடம், சாவிக்கொத்து, ரேடியோ. இப்படிப் பதினாறு. பின்னால் மெல்லிய மல் துணி வைத்து ஊசி நூலால் தைத்தேன். பசை போட்டால் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, கறையின் ஓரம் மறைந்துவிடுகிறது. எனக்கு அந்த ஓரம் வேண்டும்.

பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. துக்க வீட்டில் மிஞ்சியதை யாராவது எடுத்து வைப்பார்களா, அதுவும் எச்சில் பையை, என்று ஒரு பாட்டம் திட்டினார். எச்சில் இல்லை பெரியம்மா, அர்னில் இருந்தது என்றேன். கேட்கவில்லை. சுவரில் மாட்டாமல் அலமாரியில் மடித்து வைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு வந்தபோது அவரே கேட்டார், "அதை எடு பார்க்கலாம்." மடியில் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சாவிக்கொத்தின் மேல் விரலை வைத்து, "அம்மா கொத்தில் ஐந்து சாவி. நீ நாலு போட்டிருக்கிறாய்" என்றார்.

ஐந்தாவதைப் போட்டுவிட்டேன்.

பீனிக்ஸ் மாமி

கண்ணைக் கசக்க வைத்துவிட்டாயே பிள்ளை. டீச்சர், முகவரி அனுப்பு. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் சொல்லிவிட்டேன், இனிமேல் ஆளுக்கு ஒரு பை.

சாட்ஸ்வர்த் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பேத்தி, உன் வலை யோசனையை இன்றைக்கே செய்துவிட்டேன். குரங்கு மதிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டேங்கர் தம்பி, கூடைதான், முடிவாகிவிட்டது. பேக்கிங் பேப்பர் வைத்து இரண்டு தாள் தேய்த்தேன், தட்டையாக வந்தது. மூன்றாவதற்குள் லோட் ஷெடிங், கரண்ட் போய்விட்டது.

தாத்தா, உங்கள் வித்தைக்காகப் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு துருப்பிடித்த ஆணி கொண்டு வரச் சொல்லி வாட்ஸ்அப்பில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஆறு அம்மாக்கள் போன். டெட்டனஸ் ஊசி யார் போடுவது என்று கேட்கிறார்கள். ஆணிக்குப் பதிலாக வீட்டில் கிடக்கும் இரும்புக் கம்பிப் பஞ்சு சரிவருமா?