ஹெராக்லியோன் தொல்லியல் அருங்காட்சியகம்: பத்து வயது மகளோடு அரை நாளில் எதைப் பார்ப்பது?

பயணப்பை (கேள்வி):

ஜூலையில் கிரீட் தீவுக்குப் போகிறோம். கப்பல் காலையில் ஹெராக்லியோனில் நிற்கும், மாலையில் கிளம்பிவிடும். மகளுக்குப் பத்து வயது. மினோட்டார் கதையைப் படித்ததிலிருந்து காளைத்தலை மனிதனின் ஊரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நிற்கிறாள். நோசோஸ் அரண்மனை, தொல்லியல் அருங்காட்சியகம் இரண்டுக்கும் நேரம் கிடைக்குமா? ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் எதை விடலாம்? அருங்காட்சியகம் முழுக்கப் பானைகளாக இருக்கும், பிள்ளை சலித்துப்போவாள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்காற்று:

இரண்டும் முடியும். நோசோஸ் ஊரிலிருந்து 5 கிலோமீட்டர்தான், நகரப் பேருந்தே போகிறது. ஆனால் அங்கே நிழல் குறைவு, ஜூலை வெயில் தாங்காது. காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறியதும் ஊருக்குத் திரும்பி அருங்காட்சியகத்துக்குள் புகுந்துகொள்ளலாம். தொப்பியும் தண்ணீரும் மறக்கவேண்டாம்.

மண்ணடுக்கு:

கடற்காற்று சொன்ன வரிசை சரி. ஆனால் நேரம் பிசகினால் நோசோஸைச் சுருக்குங்கள், அருங்காட்சியகத்தில் கைவைக்காதீர்கள். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900இல் நோசோஸில் தோண்டத் தொடங்கினார். அங்கே இன்று நிற்கிற சிவப்புத் தூண்களில் பெரும்பாலானவை அவர் காலத்தில் கான்கிரீட்டில் எழுப்பியவை. சுவர்களில் இருக்கிற ஓவியங்களும் நகல்கள்தான். அசல் துண்டுகள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எல்லா அறைகளையும் ஒரே வேகத்தில் நடந்து முடிக்க நினைத்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். நாலைந்து பொருள்களைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் நில்லுங்கள்.

முதலில் காளைத்தலை. கருங்கல்லைக் குடைந்து செய்த சடங்குக் கலம் அது. கழுத்தில் உள்ள துளை வழியாக ஊற்றினால் வாய் வழியாக வடியும். மகளை அதன் கண்ணுக்கு நேராக நிறுத்துங்கள். படிகக்கல்லில் செய்த கண், அதைச் சுற்றிச் சிவப்பு ஜாஸ்பர் கல் வளையம். படிகத்தின் பின்பக்கத்தில் வண்ணம் தீட்டியிருப்பதால் கருவிழி உள்ளிருந்து நம்மைப் பார்க்கிறது. மூக்கை ஒட்டி ஓடும் வெள்ளைக் கோடு சிப்பி. தலையின் ஒரு பாதிதான் பழையது, மறுபாதியைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். பொன் பூசிய கொம்புகளும் அப்படித்தான். இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்க்கச் சொல்லுங்கள், வித்தியாசத்தை அவளே கண்டுபிடிப்பாள்.

அப்புறம் மாடியில் சுவரோவியங்கள். காளை பாய்ந்துவர அதன் முதுகுக்கு மேல் ஒருவர் குட்டிக்கரணம் போடுகிற ஓவியத்தை எல்லாரும் படத்தில் பார்த்திருப்பார்கள். நேரில் போய்ப் பக்கத்தில் நின்றால்தான் தெரியும், வெடிப்பு விட்ட பழைய சுண்ணாம்புத் துண்டு எது, அவற்றுக்கு நடுவே பின்னால் நிரப்பியது எது என்று. லில்லி இளவரசன் என்ற ஓவியத்தில் இது இன்னும் அதிகம். உடம்பு, கிரீடம் எல்லாம் தனித்தனித் துண்டுகள். அவை ஒரே ஆளுடையவைதானா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். குங்குமப்பூ பறிக்கும் நீல உருவத்தை விடாதீர்கள். எவன்ஸ் அதைச் சிறுவன் என்று நினைத்தார், அப்படியே நிரப்பவும் செய்தார்கள். பின்னால் வந்தவர்கள் வாலைக் கவனித்து, அது நீலக்குரங்கு என்று நிறுவினார்கள். மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஓவியத்தில் ஒரு வால் எப்படி எல்லாவற்றையும் மாற்றிப்போட்டது என்பதை ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், அவள் கண் விரிவதைப் பார்ப்பீர்கள்.

பானைகளுக்குப் பயப்படவும் வேண்டாம். பலைகாஸ்ட்ரோவில் கிடைத்த குடுவையில் ஆக்டோபஸ் எட்டுக் கைகளையும் விரித்துக் குடுவையையே கட்டிப்பிடித்திருக்கிறது. சுற்றிவந்து பார்க்கவேண்டியது அது.

பயணப்பை:

மிக்க நன்றி மண்ணடுக்கு. வரிசையைக் குறித்துக்கொண்டேன். ஃபைஸ்டோஸ் வட்டும், அந்த எழுத்து பதித்த களிமண் தட்டும், அங்கேதானே இருக்கிறது? அதற்குக் கூட்டம் அதிகம் என்கிறார்களே, காத்திருந்து பார்க்கலாமா?

மண்ணடுக்கு:

ஆமாம், அங்கேதான். காத்திருந்து பாருங்கள். 1908இல் லூயிஜி பெர்னியர் குழு கண்டெடுத்தது, குறுக்களவு சுமார் 16 செ.மீ. இரண்டு பக்கமும் சுருள் போல எழுத்துகள் ஓடும். 45 வகைக் குறிகள். ஒவ்வொன்றையும் முத்திரையால் ஈரக் களிமண்ணில் அழுத்தியிருக்கிறார்கள். இதுவரை யாரும் ஏற்கும்படி படித்துக் காட்டவில்லை. நடக்கிற மனிதன், இறகுத் தலை, மீன் என்று குறிகளை மகள் தேடட்டும், கூட்டத்தில் நிற்கிற நேரம் போவதே தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது அது அல்ல. ஆகியா ட்ரியாடாவில் கிடைத்த அறுவடைக்காரர் கலம். சின்னது, கருங்கல், கீழ்ப்பாதி காணாமல் போய்விட்டது. தோளில் கருவிகளோடு ஆண்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு போகிறார்கள். கிலுகிலுப்பை போன்ற தாளக்கருவியை ஆட்டிக்கொண்டு வாயை அகலத் திறந்து பாடுகிறவரின் விலா எலும்புகள் மூச்சை இழுத்ததில் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அரசனும் தெய்வமும் இல்லாமல், வேலை செய்கிறவர்களின் சத்தத்தை அவ்வளவு அன்போடு செதுக்கிய கைக்காகவே அந்தத் தீவுக்குப் போகலாம்.

கடற்காற்று:

மாலியாவின் தங்கத் தேனீக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பூச்சிகள் ஒரு தேன்துளியைப் பிடித்திருக்கும் பதக்கம், சில சென்டிமீட்டர்தான். கண்ணாடிப் பெட்டியில் சட்டென்று கண்ணில் படாது.

மண்ணடுக்கு:

நல்ல யோசனை. கப்பலுக்கு நேரமாகிவிட்டால் ரோமானியச் சிலைகள் இருக்கும் அறைகளை விட்டுவிடுங்கள். மாடியை மட்டும் விடாதீர்கள்.