ஆண்டுக்கு 6 லட்சம் கண் பரிசோதனை: தர்மமா, வியாபாரமா?

வைகைக்கரையான்:
"செயற்கை நுண்ணறிவு என்பது முதலாளிகளின் பணப்பெட்டி, மக்களுக்கு அதில் ஒன்றுமில்லை" என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிரல், 2019இல் எங்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்தது. 2024இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப், கண் பரிசோதனைக் கருவி செய்யும் ஃபோரஸ் ஹெல்த், தாய்லாந்தின் பெர்செப்ட்ரா ஆகிய நிறுவனங்களுக்குக் கூகுள் அந்த நிரலின் உரிமத்தைக் கொடுத்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் 60 லட்சம் பரிசோதனைகள் என்பது இலக்கு, நோயாளிக்குச் செலவில்லாமல். இது பணப்பெட்டியா?

கணக்கன்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்? 60 லட்சத்தைப் பத்தால் வகுங்கள். ஆண்டுக்கு 6 லட்சம், அதுவும் இரண்டு நாடுகளுக்கு. இந்தியாவில் மட்டும் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

வைகைக்கரையான்:
6 லட்சம் பேரில் ஒருவர் உங்கள் தாயாராக இருந்தால் இப்படி வகுத்துக்கொண்டிருப்பீர்களா?

கணக்கன்:
என் தாயாரை விடுங்கள். ஆண்டுக்கு 6 லட்சம். பதில் வரவில்லை.

மலைநாட்டுச் செவிலி:
இருவருமே கருவியைத் தொட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தாய்லாந்தில் பதினொரு மருத்துவ மையங்களில் இதே நிரலைப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. படங்களில் ஐந்தில் ஒன்றை, தெளிவில்லை என்று நிரல் ஏற்க மறுத்தது. அறையில் வெளிச்சம் சரியில்லை, இணையம் மெதுவு. திருப்பி அனுப்பப்பட்ட நோயாளி இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். அதை யார் கணக்கில் சேர்ப்பது?

வைகைக்கரையான்:
தாய்லாந்து கதை மதுரைக்கு எதற்கு, அம்மா? 1976இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய இடம் இது. பணம் கட்டுபவர் கட்டுகிறார், இல்லாதவருக்கு இலவசம். 1992இல் ஆரோலேப் வந்தபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை எப்படி இறங்கியது என்று உலகமே பேசியது. லாபமும் தர்மமும் ஒன்றாக நடக்கும் என்று எங்கள் ஊர் எப்போதோ காட்டிவிட்டது.

கணக்கன்:
அரவிந்தின் புகழைக் கூகுளின் கணக்கில் வரவு வைக்கிறீர்கள். இதே கைவரிசையை முன்பு இங்கே நடந்த சூரிய மின்தகடு விவாதத்திலும் காட்டினீர்கள். அரவிந்தில் வரும் உபரி இலவச நோயாளிக்கே திரும்புகிறது. கூகுளின் உபரி யாருக்குப் போகிறது? 2016இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையில் நிரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவை 1,28,175 விழித்திரைப் படங்கள். அவற்றில் நம் நாட்டு மருத்துவமனைகளின் படங்களும் உண்டு. கண் நம்முடையது, உரிமம் அவர்களுடையது. திரும்பக் கிடைப்பது ஆண்டுக்கு 6 லட்சம்.

வைகைக்கரையான்:
மின்தகட்டில் யார் சொன்னது சரி என்பது படித்தவர்களுக்குத் தெரியும்.

கணக்கன்:
தெரியும். அதனால்தான் அந்தப் பதிவை நீக்கினீர்கள்.

வைகைக்கரையான்:
நான் நீக்கவில்லை. மட்டுறுத்துநர் நீக்கினார், உங்கள் வசைகளுக்காக.

தெப்பக்குளத்தார்:
'இரண்டு நாடுகள்' என்று முழங்கும் ஐயா, தாய்லாந்துக்கு அதில் எத்தனை பங்கு என்று சொல்லுங்களேன். கணக்கன் என்று பெயர் வைத்தால் போதுமா?

கணக்கன்:
முழுவதையும் இந்தியாவுக்கே எழுதிக்கொள்ளுங்கள். அப்போதும் 6 லட்சம்தான்.

மலைநாட்டுச் செவிலி:
படம் எடுத்தபின் "கண் கெட்டிருக்கிறது" என்று வந்தால் லேசர் சிகிச்சைக்கு அந்த மனிதர் எங்கே போவார் என்று கேட்டிருந்தேன். ஏனோ என் இரண்டாவது பதிவு காணவில்லை.

வைகைக்கரையான்:
மதுரைக்கு வரட்டும்.

கணக்கன்:
பஸ் கட்டணம் யார் தருவது, கூகுளா?

தெப்பக்குளத்தார்:
மின்தகட்டுப் பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது. கேட்டால் ஒட்டுகிறேன்.

கணக்கன்:
ஒட்டுங்கள். முழுவதையும் ஒட்டுங்கள், உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் அல்ல.