பனையேற்றம்: விரல் மரத்துப்போகுது, முழங்கால் பிடிக்குது. என்ன செய்யலாம்?

சாயல்குடி:
30 மரம், காலையும் மாலையும் ஏறுகிறவர், வயது 46. பங்குனி பிறந்ததில் இருந்து வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுது. இறங்கும்போது முழங்கால் பிடிக்குது. ஆடி வரைக்கும் ஓட்டணும். தைலம் போதுமா?

உச்சிப்புளி:
தம்பி, கணக்கைப் பாருங்க. மரம் 40 அடின்னா இரண்டு வேளைக்கு 2,400 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். அமெரிக்காவில் எல் கேப்பிடான்னு ஒரு பாறைச் சுவர், சுமார் 3,000 அடி. கயிறும் கொக்கியுமா நாலைந்து நாள் அதிலேயே தூங்கி எழுந்து ஏறுறாங்க. அதில் ஐந்தில் நாலு பங்கை இவர் தினமும் ஏறுறார். உடம்பு கேட்கத்தான் செய்யும்.

சுண்டுவிரல், மோதிரவிரல்னா முழங்கை உள்பக்கம் ஓடுற நரம்பு. மரத்தைக் கட்டிப் பிடிக்கையில் முழங்கை மடங்கியே இருக்கும், சொரசொரப்பில் அழுந்தும். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனா அது மணிக்கட்டு நரம்பு. பாளை அருவாளை இறுக்கிப் பிடிச்சுச் சீவுறதால வரும். தைலம் இந்த அழுத்தத்தை எடுக்காது. ராத்திரி பழைய துண்டை முழங்கையில் தளர்வாச் சுத்தி, கை மடங்காமத் தூங்கச் சொல்லுங்க. அருவாளைத் தினம் தீட்டணும், மழுங்கினா இரட்டிப்பு அழுத்தம். பிடியில் சைக்கிள் டியூப் சுத்தினா இறுக்கம் குறையும்.

பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே புறங்கைச் சதையைப் பாருங்க. குழி விழுந்திருந்தா நாள் கடத்தக் கூடாது.

பெரியபட்டினம்:
முழங்காலைக் கெடுக்கிறது பெரும்பாலும் இறக்கம்தான். வேகமா வழுக்கி வந்து கடைசி ஐந்தாறு அடியைக் குதிக்கிறது பலருக்குப் பழக்கம். ஒரு நாளைக்கு 60 குதி. அடிமரத்தில் தடி சாத்தி, மிதிச்சு இறங்கட்டும். தளைநார்னா ரெண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டுற நார் வளையம்; பருத்த மரத்துக்கு அதைக் குட்டையாப் போட்டா பாதம் உள்பக்கமா முறுகும், வலி கணுக்காலில் தொடங்கி மேலே ஏறும். முடிச்சுப் பக்கம் நார் பிசிறு விட்டிருந்தா அன்னைக்கே மாத்தணும்.

உள்ளங்கால் காய்ப்பைப் பிளேடால் சீவ வேண்டாம். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவச்சுக் கல்லால் தேய்ச்சு எண்ணெய் தடவணும். பதநீர் புளிக்காம இருக்கக் கலயத்தில் பூசுற சுண்ணாம்பு வெடிப்பில் இறங்கினா புண் ஆறவே ஆறாது. கண்ணில் தெறிச்சாலும் கசக்காம, அரை மணி நேரம் விடாமத் தண்ணி ஊத்திட்டு நேரா ஆஸ்பத்திரி.

சாயல்குடி:
பார்த்தேன் அண்ணே. வலது கையில் குழி தெரியுது, இடதில் இல்லை. தீப்பெட்டி உரசவும் சிரமப்படுறார்.

உச்சிப்புளி:
அப்ப ஆடிக்குக் காத்திருக்க வேண்டாம். சதை வத்தத் தொடங்கிருச்சு, பிடியும் குறைஞ்சிருக்கு. அந்தக் கையோட 40 அடி உயரத்தில் நிக்கக் கூடாது. மரங்களை இந்த வருசம் வேற ஆளுக்குப் பங்கு வாரத்துக்கு விடுங்க. நாளைக்கே ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, நரம்பு ஓட்டப் பரிசோதனைக்கு (நரம்பில் சமிக்ஞை சரியா ஓடுதான்னு பார்க்கிறது) எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. எந்த விரல், எப்பத்திலிருந்து, ராத்திரி எழுப்புதா, இந்த மூணையும் மறக்காமச் சொல்லுங்க.