கடலுக்கு இரும்பு உரம்: வடசென்னைக்குத் தொழிலா, தலைவலியா?

இரும்புக்கடல் (தண்டையார்பேட்டை):
கடலுக்கு உரம் போடும் யோசனையை நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை. அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏராளம், இரும்புச்சத்துதான் பற்றாக்குறை. அதனால் நுண்பாசி வளராமல் கிடக்கிறது. இரும்பு சல்பேட்டைக் கரைத்துவிட்டால் பாசி பெருகும், நீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், செத்து மூழ்கும்போது கார்பனையும் ஆழத்துக்கு இழுத்துப் போகும். அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1988-லேயே, அரைக் கப்பல் இரும்பு கொடுத்தால் பனியுகத்தையே கொண்டுவருவேன் என்றார். இரும்பு சல்பேட் உருக்காலைகளில் உபபொருளாகவே கிடைக்கிறது, விலை குறைவு. கார்பன் கிரெடிட் (காற்றிலிருந்து குறைத்த கரியமில வாயுவுக்கான விற்பனைச் சான்று) விற்கிற இந்தக் காலத்தில், துறைமுகமும் ரசாயன ஆலைகளும் உள்ள வடசென்னை இதை ஏன் தொழிலாக எடுக்கக் கூடாது?

நெட்டுக்குப்பத்துக்காரி:
தம்பி, இரும்பு விலை மலிவுதான். ஆனால் வாங்குகிறவர் இரும்புக்குப் பணம் தரப்போவதில்லை, ஆழத்தில் தங்கிய கார்பனுக்குத்தான் தருவார். அது எவ்வளவு என்று யார் அளப்பது?

நம் நாடே இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2009-ல் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து 'லோஹாஃபெக்ஸ்' என்ற சோதனையை நடத்தின. தென்பெருங்கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கரைத்தார்கள். பாசி பெருகவும் செய்தது. ஆனால் துடுப்புக்காலிகள் என்கிற குட்டி இறால் போன்ற உயிரினங்கள் வந்து தின்றுவிட்டன. கனமான சிலிக்கா ஓடு உள்ள டயாட்டம் பாசிதான் சீக்கிரம் மூழ்கும். அந்த நீரில் சிலிக்கா முன்பே தீர்ந்திருந்ததால் டயாட்டம் வளரவே இல்லை. ஆழத்துக்குப் போன கார்பன் மிகக் குறைவு. அன்றைக்கு முன்கூட்டியே கிரெடிட் விற்றிருந்தால் வாங்கியவர் கையில் என்ன இருந்திருக்கும்?

இரும்புக்கடல்:
அக்கா, பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். அதே தென்பெருங்கடலில் 2004-ல் நடந்த 'ஐஃபெக்ஸ்' சோதனையில் வளர்ந்த பாசியில் பாதிக்கு மேல் 1000 மீட்டருக்குக் கீழே இறங்கியது. 2012-ல் 'நேச்சர்' இதழில் அந்த முடிவு வெளியானது. 1000 மீட்டருக்குக் கீழே போன கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் மேலே வராது. சிலிக்கா உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தால் திட்டம் பலிக்கும் என்றுதான் இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடல்பாடம் (ராயபுரம்):
இடம் முக்கியம் என்பது சரி. ஆனால் தம்பி விட்டுவிட்ட ஒரு கட்டம் இருக்கிறது. பாசி எடுப்பது நீரில் உள்ள கரியமில வாயுவைத்தான். அந்தக் குறையைக் காற்றிலிருந்து நிரப்பிக்கொள்ள மேல்நீருக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். அதற்குள் அந்த நீரே ஆழத்துக்குப் போய்விட்டால் காற்றிலிருந்து எதுவும் குறைந்திருக்காது. அப்புறம், இங்கே பாசி தின்று தீர்த்த நைட்ரேட்டை நம்பி வேறொரு கடலில் வளர வேண்டிய பாசி அந்த அளவுக்குக் குறையும். இந்த இரண்டையும் கழித்தால்தான் நிகரக் கணக்கு. கழிப்பதற்கு ஆய்வுக் கப்பல், மிதவைக் கருவிகள், பல வருட அளவீடு எல்லாம் வேண்டும். செலவு அங்கேதான், இரும்பில் இல்லை.

காசிமேடு_விசைப்படகு:
எனக்கு ஒரு சந்தேகம் சார். பாசி பெருகினால் மீனும் பெருகுமே? நம்ம வங்காள விரிகுடாவிலேயே போட்டால் என்ன? தடைக்காலம் முடிந்து போனாலும் வலையில் ஒன்றும் விழுவதில்லை.

கடல்பாடம்:
அண்ணே, நம் கடலில் குறை இரும்பு இல்லை. கங்கையும் கோதாவரியும் கொட்டுகிற நன்னீர் மேலே ஒரு மூடிபோல நிற்பதால், ஆழத்தில் உள்ள நைட்ரேட் மேலே ஏற முடியாது. இரும்பைப் போட்டு அதை மாற்ற முடியாது. அதோடு, கொஞ்சம் கீழே போனாலே ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு இருக்கிறது. மேலே பாசி செத்து விழுந்து அழுகினால் இருக்கிற ஆக்சிஜனும் போகும்.

இரும்புக்கடல்:
மீன் விஷயத்துக்கு உதாரணம் இருக்கிறது. 2008-ல் அலாஸ்காவில் கசாடோச்சி எரிமலை வெடித்துச் சாம்பல் கடலில் விழுந்தது. 2010-ல் கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுக்கு சாக்கை சால்மன் கூட்டம் கூட்டமாக வந்தது. சாம்பலில் இருந்த இரும்புதான் காரணம் என்று சில விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

நெட்டுக்குப்பத்துக்காரி:
வேறு விஞ்ஞானிகள் மறுத்தும் எழுதினார்கள். அந்த நம்பிக்கையில்தான் 2012-ல் கனடாவின் ஹைடா க்வாய் தீவுகளில் ஒரு பழங்குடி கிராமம் 25 லட்சம் டாலர் அளவுக்குப் பணம் போட்டது. சுமார் 100 டன் இரும்பு சல்பேட் கலவையைக் கடலில் கொட்டினார்கள். சால்மனும் வரும், கிரெடிட்டும் விற்கலாம் என்று சொல்லித்தான் திட்டக்காரர்கள் அந்தக் கிராமத்தாரிடம் பணம் கேட்டார்கள். கிரெடிட் விற்கவில்லை, அடுத்த ஆண்டு அரசு அதிகாரிகள் வந்து திட்ட அலுவலகத்தைச் சோதனை போட்டார்கள். பணம் போட்டவர்கள் மீன்பிடித்து வாழ்கிறவர்கள் தம்பி, எங்களைப் போல.

கடலில் வைக்கிற எந்தத் திட்டத்தையும் நான் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறேன் என்று கேட்டால், எண்ணூரைப் பாருங்கள். அனல்மின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் ஒட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினார்கள். அவை ஒவ்வொன்றும் வளர்ச்சி என்று சொல்லித்தான் இங்கே வந்தன.

இரும்புக்கடல்:
அந்தக் கோபம் நியாயம் அக்கா, நானும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஆனால் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்றவற்றை எரித்து உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை விடுகிறது. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் போவது நம் குப்பங்கள். ஆய்வையே நிறுத்தினால் எது பலிக்கும் என்று எப்படித் தெரியும்?

கடல்பாடம்:
ஆய்வை யாரும் தடுக்கவில்லை. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையின் நாடுகள், கடலுக்கு உரமிடுவது பற்றி 2008-ல் எடுத்த முடிவே முறையான அறிவியல் ஆய்வுக்கு இடம் விடுகிறது. 2013 திருத்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் அதில் ஆய்விலிருந்து நேரடியாக லாபம் பார்க்கக் கூடாது என்று இருக்கிறது. உங்கள் தொழில் திட்டம் அங்கேதான் இடிக்கிறது.

இரும்புக்கடல்:
லாபமே கூடாது என்றால் தனியார் யாரும் வரமாட்டார்கள். அரசு மட்டும் செய்தால் இன்னும் இருபது வருடம் ஆகும். அளவிடும் குழு தனியாக இருக்கட்டும், விற்பவரிடம் சம்பளம் வாங்கக் கூடாது என்பதை ஏற்கிறேன்.

நெட்டுக்குப்பத்துக்காரி:
அதோடு ஒரு வைப்புத்தொகையும் கட்டட்டும். ஐந்து வருடம் கழித்து மீன் குறைந்தது என்று தெரிந்தால், எந்த நாட்டு மீனவருக்கானாலும் அதிலிருந்து கொடுக்க வேண்டும். கார்பன் இறங்கியது நிரூபணமான பிறகு கிரெடிட் விற்கட்டும், முன்பணம் கிடையாது. இந்த நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்கிற ஒரு நிறுவனத்தைக் காட்டுங்கள் தம்பி, குப்பத்தில் கூட்டம் போட்டுப் பேச நானே ஏற்பாடு செய்கிறேன்.