கெரட்டோசிஸ்ட்: ‘நீர்க்கட்டி’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

தாடை எலும்புக்குள் வரும் ‘ஒடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட்’டுக்கு நம் குழுவில் தமிழ்ப் பெயர் தேடும்போது நீங்கள் சொன்ன ‘தாடை நீர்க்கட்டி’ எல்லோருக்கும் உடனே புரியும். ஸ்கேன் சென்டர் வரை புழங்குகிற சொல்தான். ஆனால் ஒடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட்டைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் நீர் இருக்காது. உதிர்ந்த கெரட்டின்தான் (தோல், நகத்தில் உள்ள புரதம்) வெள்ளையாக, பாலாடைக்கட்டி போல நிறைந்திருக்கும். பல் உருவானபோது தாடைக்குள் மிஞ்சிய திசுவிலிருந்து கிளம்பும் பை அது.

அதோடு ‘கட்டி’ என்பதே சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதை டியூமர் (கட்டி) பட்டியலில் சேர்த்தது, 2017இல் மறுபடியும் சிஸ்ட் (பை) என்றே மாற்றிவிட்டது. இங்கே சென்னையில் எந்தப் பல் மருத்துவமனையிலும் கட்டி என்றதும் வீட்டார் அடுத்துக் கேட்பது “கேன்சரா டாக்டர்?” என்பதுதான். குழுவில் இன்னொருவர் தந்த ‘தாடைப்புற்று’ அறவே வேண்டாம். இந்தப் பைகளோடு வரும் பரம்பரை நோயான கோர்லின் சிண்ட்ரோமில்கூட, புற்று வருவது முக்கியமாகத் தோலில். தாடையில் வருவது புற்றல்ல.

அந்த சிண்ட்ரோமுக்கும் ‘பரம்பரைத் தோல்புற்று நோய்த்தொகை’ என்று பெயர் வைக்கத் தயங்குகிறேன். நம்மைப் போன்ற கறுத்த தோலுள்ளவர்களுக்கு அந்தத் தோல்புற்று குறைவாகவே வருகிறது. பத்து, பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தாடை வீங்கி, எக்ஸ்ரேயில் பல இடங்களில் பை தெரிவதே முதல் அடையாளமாக இருக்கலாம். உள்ளங்கையில் சிறு குழிகள், பிளவுபட்ட விலா எலும்பு என்று மற்றவையும் உண்டு. பெரும்பாலும் பிடிசிஎச்1 மரபணுவின் பிறழ்வுதான் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. பெயரில் தோல்புற்றை மட்டும் வைத்தால், தாடை வீக்கத்தோடு வரும் பிள்ளையின் குடும்பத்துக்கு அது தங்களைப் பற்றியது என்றே தோன்றாது. 1960இல் கோல்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து இதை விவரித்த கோர்லின் பெயரிலேயே ‘கோர்லின் நோய்த்தொகை’ என்று விடலாம்.

சரி, சிஸ்ட்டுக்கு வருகிறேன். ‘பல்வழிக் கெரட்டின் பை’ என்று முதலில் நினைத்தேன். ‘பல வழி’ என்று படித்துவிடுவார்கள். ஆகவே ‘பல்முளைக் கெரட்டின் பை’. இலக்கணப்படி ‘பன்முளை’ ஆகவேண்டும்தான், ஆனால் அதுவும் ‘பல முளை’ என்றாகிவிடும், சந்தி சேர்க்காமல் ‘பல்முளை’ என்றே எழுதுவோம்.

இன்னொரு வசதி: பையின் சுவருக்குள் ஒளிந்திருக்கும் குட்டி சிஸ்ட்டுகளைச் ‘சேய்ப்பை’ எனலாம். அகற்றிய பிறகும் இது திரும்ப வருவதற்கு அவையும் ஒரு காரணம் என்று நோயாளிக்கு அந்தச் சொல்லை வைத்தே விளக்க முடியும்.