ஏர்ஃபோர்ஸ் முடித்து பி.எஸ்.எஃப். விமானப் பிரிவு: போகலாமா, வேண்டாமா?

சூலூர்க்காரன்:
வணக்கம். ஏர்ஃபோர்ஸ் ஷார்ட் சர்வீஸில் (குறுகிய காலப் பணி) 10 வருடம், நீட்டிப்பு 4 வருடம், ஆக 14 வருடம் அடுத்த ஜூனில் முடிகிறது. எம்.ஐ.17 ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். வயது 36, இரண்டு பிள்ளைகள். ஷார்ட் சர்வீஸ் என்பதால் பென்ஷன் கிடையாது. கிராச்சுவிட்டியும் பி.எஃப். பணமும்தான் கையில் வரும்.

கண்ணுக்குத் தெரிவது இரண்டு வழி. ஒன்று, எல்லைப் பாதுகாப்புப் படையின் (பி.எஸ்.எஃப்.) விமானப் பிரிவு. அதே ஹெலிகாப்டர், கிட்டத்தட்ட அதே வேலை. இன்னொன்று, இருக்கிற சேமிப்பையெல்லாம் போட்டு விமான லைசென்ஸும் ஏர்பஸ் டைப் ரேட்டிங்கும் (அந்த ரக விமானம் ஓட்டத் தனி அனுமதி) வாங்கி ஏர்லைனுக்குப் போவது. வீட்டில் இரண்டாவது என்கிறாள். என் மனது முதலாவதில் இருக்கிறது. போனவர்கள், போகாமல் தப்பித்தவர்கள் இரு தரப்பும் சொல்லுங்கள்.

பழைய விங்கோ:
தம்பி, யோசிக்காமல் போங்கள். நான் 22 வருடம் ஏர்ஃபோர்ஸில் இருந்துவிட்டு அங்கே போனவன். பி.எஸ்.எஃப். விமானப் பிரிவு 1969-லிருந்து இருக்கிறது, நேற்று முளைத்த கடை இல்லை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவதால் சி.ஆர்.பி.எஃப். உட்பட மற்ற மத்தியப் படைகளுக்கும் அதுதான் பறக்கிறது. எம்.ஐ.17, துருவ், சீட்டா ஹெலிகாப்டர் எல்லாம் உங்களுக்குப் பழகிய முகங்கள்.

சத்தீஸ்கரில் பஸ்தர் காட்டில் மாவோயிஸ்ட் கண்ணிவெடியில் கால் போன பையனை ஏற்றிக்கொண்டு ராய்ப்பூரில் இறக்கியிருக்கிறேன். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அந்த மாதிரி ஒரு நாள் ஏர்பஸ்ஸில் கிடைக்காது.

ராஜாளி:
விங்கோ சார் உணர்ச்சியாக எழுதியிருக்கிறார். அவருக்கு மாதா மாதம் ஏர்ஃபோர்ஸ் பென்ஷன் வருகிறது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

நான் கடற்படை. அரக்கோணத்தில் ஹெலிகாப்டர் கற்றவன், இப்போது மும்பை ஜுஹுவிலிருந்து கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் பறக்கிறேன். 36 வயதில் பென்ஷன் இல்லாமல் வெளியே வருகிறவருக்கு முதல் கேள்வி அடுத்த 29 வருடம். ஏர்லைனில் 65 வரை ஓட்டலாம். அரசு ஒப்பந்தத்தில் முடிகிற தேதி முதல் பக்கத்திலேயே இருக்கும்.

இன்னொன்று. மாவோயிஸ்ட் பிரச்சினையை 2026 மார்ச் 31-க்குள் முடிப்போம் என்று உள்துறை அமைச்சரே கெடு வைத்தார். அது முடிந்தால் அத்தனை ஹெலிகாப்டருக்கும் என்ன வேலை?

பழைய விங்கோ:
தேர்தல் பணி, வெள்ளம், பனியில் வழி அடைபட்ட எல்லைச் சாவடிகள். வேலைக்கா பஞ்சம்? அப்புறம், உங்கள் கடல் எண்ணெய்க் கிணற்று வேலை மட்டும் என்ன பூப்பாதையா? 2022 ஜூன் 28-ல் மும்பை கடலில் 9 பேரோடு ஹெலிகாப்டர் விழுந்ததில் 4 பேர் போனார்கள். அதுவும் சிவில் வேலைதான்.

கணக்குப்பிள்ளை:
நான் விமானி இல்லை. சம்பளக் கணக்கு பார்த்தே ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் காற்றில் பேசுகிறார்கள், நான் ரூபாயில் பேசுகிறேன்.

முப்படை அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய் ராணுவ சேவைச் சம்பளம் உண்டு. பி.எஸ்.எஃப். போன்ற மத்தியப் போலீஸ் படைகளில் அது இல்லை. அதே ஹெலிகாப்டரில் அதே காட்டுக்குப் போனாலும் இல்லை.

அடுத்தது மறுபணியமர்வு. பென்ஷன் வாங்கும் கமிஷன்ட் அதிகாரி 55 வயதுக்கு முன் ஓய்வு பெற்று மீண்டும் அரசு வேலைக்கு வந்தால், பென்ஷனில் முதல் 15,000 ரூபாயை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடுவார்கள். மிச்சத்தைப் புதிய சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். விங்கோ சாருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். சூலூர்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, கழிப்பதற்குப் பென்ஷனே கிடையாது. சிரிப்பதா அழுவதா என்று அவரே முடிவு செய்யட்டும்.

டெபுடேஷன், மறுபணியமர்வு, ஒப்பந்தம் மூன்றும் மூன்று வேலை. சர்வீஸில் இருந்துகொண்டே போய்த் திரும்புவது டெபுடேஷன். உங்களுக்கு அந்தப் பேருந்து போய்விட்டது. மற்ற இரண்டில் எது என்று பார்க்காமல் "பி.எஸ்.எஃப். போகலாமா" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

சூலூர்க்காரன்:
கணக்குப்பிள்ளை சார், நன்றி. ஏர்லைன் வழியும் நேராக இல்லை. என் ஹெலிகாப்டர் மணிகளை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. டுண்டிகல் ஏர்ஃபோர்ஸ் அகாடமியில் பயிற்சி விமானம் ஓட்டியதைத் தவிர எனக்கு இறக்கை வைத்த விமானம் தெரியாது.

ராஜாளி:
2025 நவம்பரில் விமானிகளின் பணிநேர விதி மாறியதும் டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்ததைப் பார்த்தோம். விமானி தேவை இருக்கத்தான் செய்கிறது.

பழைய விங்கோ:
விமானி தேவை என்பதும் ஹெலிகாப்டர் விமானி தேவை என்பதும் ஒன்றா? 36 வயதில் கடன் வாங்கி டைப் ரேட்டிங் முடித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். சேமிப்பைச் சூதாட்டத்தில் வைக்கச் சொல்லாதீர்கள்.

தக்காணத்துக் குருவி:
யாரும் உயிரைப் பற்றிப் பேசவில்லையே? 2015 டிசம்பர் 22, டெல்லி துவாரகா பக்கம் பி.எஸ்.எஃப். கிங் ஏர் விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். ராஞ்சியில் நின்றுபோன ஹெலிகாப்டரைப் பழுது பார்க்கப் போன ஆட்கள். 20 வருடப் பழைய விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த ஓட்டை வண்டிக்குத்தான் தம்பியை அனுப்புகிறீர்களா?

பழைய விங்கோ:
தெரியாமல் எழுதாதீர்கள். விசாரணை அறிக்கை விமானத்தின் வயதைக் காரணம் சொல்லவில்லை. புறப்பட்ட சற்று நேரத்தில் விமானம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனதை விமானிகள் கட்டுக்குள் கொண்டுவரவில்லை, நிலைமை அவர்கள் பிடியிலிருந்து நழுவியது என்றுதான் சொன்னது. அந்த விமானத்தின் பதிவு விடி-பி.எஸ்.ஏ., சிவில் பதிவு. தம்பி, இதில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அங்கே போனாலும் டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானத் துறை இயக்குநரகம்) லைசென்ஸை விட்டுவிடாதீர்கள்.

ராஜாளி:
பழைய விமானம் இல்லை, விமானிதான் காரணம் என்றால் அது ஆறுதலா சார்? அந்த விமானிக்கு மாதம் எத்தனை மணி பறக்கக் கிடைத்தது, சிமுலேட்டருக்கு யார் அனுப்பினார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டாமா? ஏர்ஃபோர்ஸ் என்றால் பின்னால் ஸ்குவாட்ரன், பயிற்சி, மருத்துவர் என்று ஒரு ஊரே நிற்கும். சின்னப் பிரிவில் அந்த ஊர் இருக்காது.

என் அனுபவம் ஒன்று. கடற்படையை விட்டதும் ஒரு மாநில அரசின் ஹெலிகாப்டரை ஓட்டினேன். எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். மலையில் மேகம் இறங்கிவிட்டது, பறக்க முடியாது என்றேன். "போன வாரம் வந்தவர் போனாரே" என்றார் செயலாளர். அந்த ஒரு வாக்கியம்தான். நான் போகவில்லை. ஆறு மாதத்தில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, காரணமும் சொல்லவில்லை. பறக்க மாட்டேன் என்று சொல்ல முடிகிற வேலையா என்பதைத்தான் நான் கேட்பேன். சம்பளமெல்லாம் அப்புறம்.

பழைய விங்கோ:
அது வி.ஐ.பி. பறத்தல். மத்தியப் படையில் நிலைமை வேறு. கேப்டன் முடியாது என்றால் முடியாதுதான்.

ராஜாளி:
அங்கேயும் வி.ஐ.பி.க்களை ஏற்றிப் போக எம்ப்ரேயர் ஜெட் நிற்கிறது சார். காகிதத்தில் கேப்டன்தான் ராஜா. எனக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சூலூர்க்காரன்:
இதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. 2021 டிசம்பர் 8 குன்னூர் விபத்து ஹெலிகாப்டர் எங்கள் சூலூர் விமானத் தளத்திலிருந்து கிளம்பியதுதான். 14 பேர் போனார்கள். மேகத்துக்குள் போய்த் திசை தடுமாறி மலையில் மோதியது என்றது விசாரணை. அந்த ஊரே பின்னால் நின்றும் நடந்தது அது. எனவே போலீஸ் பக்கம் போனால் ஆபத்து, படையில் இருந்தால் பத்திரம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

டெக்சஸ் தங்கவேல்:
குறுக்கே வருகிறேன். இங்கே அமெரிக்காவில் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்கென்று தனி வான், கடல் பிரிவு இருக்கிறது. ராணுவத்தில் பிளாக்ஹாக் ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். ராணுவ விமானி ஒரு எழுத்துத் தேர்வு எழுதினாலே சிவில் கமர்ஷியல் லைசென்ஸ் கிடைத்துவிடும். 40 வயதுக்குள் சேர வேண்டும், முன்னாள் படைவீரருக்கு அதில் தளர்வு உண்டு. பொய் கண்டறியும் சோதனை உண்டு, அதில் நல்ல விமானிகளே கவிழ்ந்துபோவார்கள். 57-ல் கட்டாய ஓய்வு.

பெரிய வித்தியாசம், இங்கே விமானி துப்பாக்கி வைத்திருக்கும் சட்ட அதிகாரி. ஜார்ஜியா மாநிலத்தில் போலீஸ் பயிற்சி முடித்துத்தான் காக்பிட். கைது செய்யும் அதிகாரம் அவருக்கே உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அங்கே விமானி போலீஸுக்கு டிரைவர் மாதிரி இருக்கிறது.

பழைய விங்கோ:
டிரைவரா? 2013 ஜனவரியில் சத்தீஸ்கர் சுக்மாவில் என்ன நடந்தது என்று படித்துவிட்டு வாருங்கள். அடிபட்டவர்களை எடுக்கப் போன ஏர்ஃபோர்ஸ் எம்.ஐ.17 மீது சுட்டார்கள், காட்டில் இறக்க வேண்டியதாயிற்று. காயம்பட்ட மாநிலப் போலீஸ்காரர் ஒருவரை ஹெலிகாப்டரிலேயே விட்டுவிட்டுக் குழுவினர் முகாமுக்கு நடந்தார்கள். உள்துறைக்கும் ஏர்ஃபோர்ஸுக்கும் எவ்வளவு பெரிய சண்டை! ஏர்ஃபோர்ஸ்காரனாகச் சொல்கிறேன், எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. நம் ஆள், அவர்கள் ஆள் என்ற பிரிவுதான் அங்கே பேசியது. போலீஸ் படைக்கு அதன் சொந்த விமானி வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

ராஜாளி:
சார், அந்த இடத்தில் நின்றவர்கள் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியுமா, எல்லோருமே மாட்டியிருப்பார்களா என்று நாம் இங்கிருந்து தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் நீங்கள் சொல்லும் சொந்த விமானி, ஒப்பந்தத்தில் வந்தவராக இருந்தால் எப்படிச் சொந்தம் ஆவார்? சொந்தம் என்றால் நிரந்தரப் பணி கொடுக்கட்டும்.

பழைய விங்கோ:
அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒன்றில் மட்டும்.

சூலூர்க்காரன்:
இவர் குளிக்கப் போயிருக்கிறார், இவர் ஐ.டி.யில் நான் எழுதுகிறேன். வீட்டுக்காரி. முழுவதும் படித்தேன். பஸ்தர், சுக்மா, குன்னூர், அமெரிக்கா எல்லாம் வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் போய் இவருக்கு ஏதாவது ஆனால் எனக்கும் பிள்ளைகளுக்கும் என்ன கிடைக்கும்? குடும்பப் பென்ஷன் உண்டா? குவார்ட்டர்ஸை எத்தனை நாளில் காலி செய்யச் சொல்வார்கள்? இந்த 14 வருடத்தில் எங்கள் லைனிலேயே இரண்டு வீடு காலியானதைப் பார்த்தவள் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, இதை யாரும் முதலில் கேட்காதது எங்கள் தப்பு. நிரந்தரப் பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு உள்ளதெல்லாம் ஒப்பந்தக்காரருக்குத் தானாக வராது. ஒப்பந்தத் தாளில் இன்ஷூரன்ஸ் எவ்வளவு, யார் கட்டுவது, மரணம் மட்டுமா, கைகால் போனாலும் உண்டா, விரோதிகள் சுட்டு விழுந்தாலும் செல்லுமா என்று வரிவரியாகப் பாருங்கள். பல சாதாரண பாலிசிகளில் அந்தக் கடைசி வகையை விலக்கி வைத்திருப்பார்கள். தாளில் இல்லாத ஒன்றை "பார்த்துக்கொள்வோம்" என்று வாயால் சொன்னால் கையெழுத்து வேண்டாம்.

பழைய விங்கோ:
அம்மா, எனக்கு ஏர்ஃபோர்ஸ் குடும்பப் பென்ஷன் பின்னால் இருந்தது, நான் இதை யோசிக்கவே இல்லை. ராஜாளி முதலில் சொன்னது இந்த விஷயத்தில் சரி. ஆனாலும் தம்பி மனது எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பிடிக்காத காக்பிட்டில் 29 வருடம் உட்காருவது சின்ன விஷயம் இல்லை.

சூலூர்க்காரன்:
நான்தான், குளித்துவிட்டு வந்தேன். இப்போதைக்கு ஒன்று மட்டும் முடிவு. எந்தப் பக்கம் போனாலும் சிவில் லைசென்ஸும் விமானிக்கான கிளாஸ் 1 மெடிக்கலும் வேண்டும். அடுத்த வாரம் பெங்களூரில் மெடிக்கலுக்கு நாள் வாங்கியிருக்கிறேன். மறுபணியமர்வு விளம்பரம் வந்தால் விண்ணப்பம் போடுவேன், ஒப்பந்தம் மட்டும் என்றால் வீட்டில் கேட்டுத்தான்.

ராஜாளி:
நல்லது. எம்.ஐ.17 அதிர்வில் 14 வருடம் உட்கார்ந்திருக்கிறீர்கள், முதலில் இடுப்பைத்தான் பார்ப்பார்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.